அண்ணியின் ஹெட்லைட்டில் தண்ணீர்

என் நாத்தனார் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். பத்தொன்பது வருடங்களாக ஒரே கார், ஒரே தொண்டை. காரின் கூரையில் பள்ளியின் பலகை உண்டு. தொண்டைக்குப் பலகை தேவையில்லை. மூன்று தெரு தள்ளி வரும்போதே, "என் மூஞ்சிய ஏன் பாக்குறீங்க, ரோட்டப் பாருங்க" என்று கேட்கும். உடனே நான் டீக்குத் தண்ணீர் வைத்துவிடுவேன்.

அவரிடம் கற்க வந்து அழுதவர்கள் நிறைய. ஆனால் அழுதவர்கள் யாரும் வேறு பள்ளிக்குப் போனதில்லை. ஒரு வங்கி மேலாளர் ஏழு முறை தேர்வில் தோற்று எட்டாவது முறை தேறினார். அந்த எட்டு முறையும் அண்ணி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மைதானத்து வெயிலில் நின்றார். எட்டு முறையும் அந்த மனுஷனைத் திட்டவும் செய்தார். அப்படி ஒரு மனசு, அப்படி ஒரு வாய்.

நாங்கள் இருப்பது ஒரே வீட்டில். மாடியில் அண்ணி. கீழே நானும் என் வீட்டுக்காரரும், அதாவது அண்ணியின் தம்பி. முன்னறையில் நான் பள்ளிச் சீருடைகள் தைக்கிறேன். வாசலோரத் தகரக் கொட்டகை வீட்டுக்காரரின் பட்டறை. லைட், ஹாரன், வயரிங் என்று வண்டிகளுக்கு மின்சார வேலை செய்கிறார். அந்தக் கொட்டகையிலிருந்து பத்தடி தள்ளித்தான் அண்ணியின் கார் நிற்கும். அந்தப் பத்தடியை மூன்று வருடமாக அக்காவாலும் தாண்ட முடியவில்லை, தம்பியாலும் தாண்ட முடியவில்லை.

காரணம் கிளட்ச். ஒரே வருடத்தில் இரண்டாவது முறையாகக் கிளட்ச் தேய்ந்தபோது, என் வீட்டுக்காரர் ஒன்பது மாணவர்கள் காதுபட, "ஊருக்கெல்லாம் ஓட்டச் சொல்லிக் குடுக்குற, உனக்கே கிளட்ச்ல கால் வைக்கத் தெரியலக்கா" என்று சொல்லிவிட்டார். அம்மா இல்லாமல் வளர்ந்த இவரைக் குளிப்பாட்டித் தலைவாரிப் பள்ளிக்கு இழுத்துப் போனது அண்ணிதான். அந்தக் கையால் ஓர் அறை விட்டிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். அண்ணி அறையவில்லை, பேசுவதை நிறுத்திவிட்டார். "நான் என்ன பொய்யா சொன்னேன்" என்று இவரும் முறுக்கிக்கொண்டார்.

ஒருவரோடொருவர் பேசவில்லையே தவிர, வீட்டில் பேச்சு ஒன்றும் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். "அந்தத் தடியனுக்கு இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளு" என்பார் அண்ணி. கேட்கப்படுபவர் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பார். "வேணும்னா கேக்கத் தெரியும்னு அந்த மகாராணிகிட்ட சொல்லு" என்பார் இவர். நடுவில் நான். "வேணுமான்னு கேக்குறாங்க" என்று இந்தப் பக்கமும், "இப்ப வேண்டாமாம் அண்ணி" என்று அந்தப் பக்கமும் சொல்வேன். தடியனும் மகாராணியும் என் வாயைத் தாண்டி வெளியே வந்ததே இல்லை.

நாள் போகப் போக இதில் கை தேர்ந்துவிட்டேன். பதினெட்டு மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் வசவை வெட்டி எறிந்து, சேதியை மட்டும் மடித்துக் கொடுத்துவிடுவேன். இந்த வீடு இரண்டாகப் போகாமல் இருப்பதே என்னால்தான் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. அதை எதற்கு மறைக்க வேண்டும்?

மழைக்காலம் வந்தது. அண்ணியின் காரில் இடது பக்க ஹெட்லைட்டுக்குள் நீராவி படிந்தது. அது துளியானது, துளி கீழே இறங்கித் தேங்கியது. ஒரு வாரத்தில் உள்ளே விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர். பிரேக் போட்டால் அது தனியாக ஒருமுறை முன்னால் வந்து பின்னால் போனது.

வேறு நாளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். வெள்ளிக்கிழமை வருடாந்திர வண்டிப் பரிசோதனை. பயிற்சிப் பள்ளிக் கார் அதில் தேறவில்லை என்றால் அடுத்த தேதி மூன்று மாதம் கழித்துத்தான், அதுவரை மாணவர்களை ஏற்றக் கூடாது. தெருமுனையில் இரண்டு புதுக் கார்களோடு இன்னொரு பள்ளி வேறு திறந்திருந்தது. மூன்று மாதம் மூடினால் அதற்கப்புறம் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது என்று அண்ணிக்குத் தெரியும். இரண்டு நாளாக அவர் மாணவர்களைத் திட்டும் சத்தமே குறைந்திருந்தது, எனக்கு அதுதான் பயம்.

"தண்ணி உள்ள போகுதுன்னா எங்கயோ ஓட்டை இருக்கு. ஓட்டைய அடைச்சா முடிஞ்சது" என்றார் அண்ணி. சிலிக்கான் பசை ஒரு குழாய் வாங்கி வந்து, கண்ணாடியைச் சுற்றி, வயர் போகும் இடத்தில், பின்னால் நீட்டிக்கொண்டிருந்த சின்ன ரப்பர்க் குழாயின் வாயில் என்று கண்ணில் பட்ட இடமெல்லாம் பூசினார். மறுநாள் காலையில் நீராவி இரண்டு மடங்காக இருந்தது.

அடுத்து, ஈரத்தை உறிஞ்சுவதற்காகப் புதுச் செருப்புப் பெட்டிக்குள் போட்டு வைப்பார்களே, குட்டிக் குட்டிப் பொட்டலம், அதைத் தேடிக் கிளம்பினார். ஆறு செருப்புக் கடை ஏறி இறங்கினார். ஒரு கடையில் பொட்டலத்தை மட்டும் தர மாட்டோம் என்றதால் தனக்கு ஆகாத அளவில் ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்தார். பல்பு மாட்டும் வழியாகப் பொட்டலங்களை உள்ளே தள்ளினார். கடைசியில் என்னுடைய ஹேர் டிரையரைக் கேட்டார். அது ஐம்பது நிமிடம் உழைத்துவிட்டு, ஒரு கருகல் வாசனையோடு உயிரை விட்டது.

செவ்வாய்க்கிழமை மதியம் அண்ணி மாடிப்படியில் பாதிவரை இறங்கி வந்து நின்றார். "உன் புருஷன் லைட்டத் தொட வேண்டாம். இது எதனாலன்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

அவரைப் பொறுத்தவரை இது காலில் விழுவதற்குச் சமம். நான் உள்ளே ஓடினேன். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தலையைத் தூக்காமலே சொன்னார். "மூளைக்குக் காத்து போற வழியவே அடைச்சு வச்சிருக்கிறவ, லைட்டுக்குக் காத்து போற ஓட்டைய மட்டும் விட்டுவச்சிருப்பாளா?"

படியேறும்போது இதை என் வழக்கப்படி அலசினேன். முன்னால் இருந்து வெட்டினாலும் வசவு, பின்னால் இருந்து வெட்டினாலும் வசவு. கையில் எதுவுமே மிஞ்சவில்லை. வெறுங்கையோடு போய் நிற்க முடியுமா? நானே ஒன்றைத் தயாரித்தேன்.

"நல்லாக் காய வைக்கச் சொன்னார் அண்ணி. சரியாயிடுமாம்."

"அது எனக்குத் தெரியாதா" என்றார் அண்ணி. பிறகு குரலை இறக்கி, "திட்டலையா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணி."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்த முகத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை இவர் கொட்டகையிலிருந்து காரைப் பார்த்துவிட்டு, "சொல்லியும் கேக்கல பாரு, எல்லாம் திமிரு" என்று முணுமுணுத்தார். எனக்கு நாற்பது சட்டைக்குப் பொத்தான் தைக்க வேண்டியிருந்தது. எதைச் சொன்னார், எதைக் கேட்கவில்லை என்று நான் விசாரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காகிதங்களைப் பிடித்துக்கொள்ள என்னையும் பரிசோதனை மைதானத்துக்கு அழைத்துப் போனார் அண்ணி. பிரேக் தேறியது. ஹாரன் தேறியது. பிறகு காரை ஒரு வெள்ளைச் சுவருக்கு எதிரே நிறுத்தி லைட்டைப் போடச் சொன்னார் அதிகாரி. அளந்து பேசுகிற, ஒல்லியான மனிதர். வலது பக்க வெளிச்சம் சுவரில் சுத்தமாக விழுந்தது. இடது பக்கம் மங்கலாக, மஞ்சளாக, நடுவில் சதுரமாக ஒரு நிழலோடு விழுந்தது.

அதிகாரி குனிந்து பார்த்தார். பொட்டலம் ஒன்று நழுவி வந்து கண்ணாடியில் ஒட்டியிருந்தது. "சாப்பிடக் கூடாதுன்னு எழுதியிருக்கு" என்றார்.

"யாரும் சாப்பிடலீங்க" என்றார் அண்ணி.

அதிகாரி சிரிக்கவில்லை. "நாலு மணி வரைக்கும் இருப்பேன். சரி பண்ணிட்டு வந்தா திரும்பப் பாக்குறேன். இல்லன்னா மூணு மாசம் கழிச்சு வாங்க." அப்போது மணி ஒன்று.

அண்ணி காரை ஓரமாக விட்டுவிட்டு, மதிலோரத்துச் சிமெண்ட் திட்டில் உட்கார்ந்தார். பத்தொன்பது வருடம் போட்ட சத்தம் ஒரேயடியாக நின்றுபோனால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் தள்ளிப் போய் வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டேன்.

"தோத்துட்டாங்க."

"தோக்காம என்ன பண்ணும்? செவ்வாக்கிழமையே சொன்னேன்ல, காத்து போற ஓட்டைய அடைச்சு வச்சிருக்கான்னு."

"அது நெஜமா ஓட்டையா?"

"பின்ன? லைட் எரிஞ்சா உள்ள சூடாகி ஆவி வெளிய போகணும். அதுக்குத்தான் பின்னாடி ஒரு ரப்பர்க் குழாய் இருக்கு. அதை அடைச்சுட்டா ஈரத்துணிய டப்பாவுல போட்டு மூடின கதைதான். நீ அவகிட்ட சொன்னியா இல்லையா?"

நான் போனை வைத்துவிட்டேன். அண்ணியிடம் போய், அவர் செவ்வாய்க்கிழமையே சொன்னார், நான்தான் வெட்டிவிட்டேன் என்றேன்.

"என்ன சொன்னான்?"

"வேண்டாம் அண்ணி."

"ஒரு எழுத்து விடாம சொல்லு."

சொன்னேன். மூளை, காற்று, வழி, ஓட்டை எல்லாவற்றையும். வரிசையில் காத்திருந்த இரண்டு லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் நான் முதல்முறையாக முழுசாகக் கொடுத்த சேதி அது. அண்ணி அசையாமல் கேட்டார்.

"இந்த மாதிரி இன்னும் எத்தனைய முழுங்கியிருக்க?"

எத்தனை என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் ஒன்று உடனே ஞாபகம் வந்தது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன வருடம் அண்ணிக்குக் காய்ச்சல் கண்டு ஐந்து நாள் படுத்திருந்தபோது, இவர் படிக்கட்டின் கீழே நின்றுகொண்டு சொன்னது. டாக்டரிடம் போகச் சொன்னார் என்று மட்டும்தான் நான் மேலே வந்து சொல்லியிருந்தேன்.

"அவர் சொன்னது அது இல்ல அண்ணி. 'அந்தக் கிழவி டாக்டர்ட்ட போகாம செத்துத் தொலைஞ்சிடப் போறா. அப்புறம் எனக்குன்னு யாரு இருக்கான்னு கேளு'ன்னார். கிழவின்னு வந்ததால நான் மொத்தத்தையும் விட்டுட்டேன்."

அண்ணி மதிலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. வசவோடு சேர்த்து எதையெல்லாம் குப்பையில் போட்டிருக்கிறேனோ!

ஒன்றே முக்காலுக்கு ஸ்கூட்டர் வந்து நின்றது. வீட்டுக்காரர் கருவிப்பெட்டியோடு இறங்கி, யாரையும் பார்க்காமல் பானட்டைத் திறந்தார். மூன்று போல்ட்டைக் கழற்றி லைட்டை வெளியே எடுத்தார், தண்ணீரைக் கொட்டினார், பொட்டலங்களைக் குறடால் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார். பதினொன்று இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு குழாயின் வாயில் இருந்த பசையைச் சுரண்ட ஆரம்பித்தார். மேகம் மூடி இருட்டிக்கொண்டு வந்தது.

"உள்ள தெரியல" என்றார் என்னிடம். "டார்ச்சப் பிடிக்கச் சொல்லு."

வழக்கமாக இந்த இடத்தில் நான் திரும்பி, "அண்ணி, டார்ச்சப் பிடிக்கணுமாம்" என்பேன். அன்றைக்கு வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் லாரியைப் பார்த்தேன். மணி இரண்டரை.

அண்ணி எழுந்து வந்தார். பெட்டியிலிருந்து டார்ச்சை எடுத்தார்.

"எந்தப் பக்கம்டா பிடிக்கணும்?"

இவர் கை ஒரு நொடி நின்றது. "மேல பிடி, அக்கா" என்றார். "இன்னும் மேல. கை ஏன் இந்த ஆட்டம் ஆடுது?"

"உன் தலை மறைக்குது. இந்தத் தலைய வச்சுக்கிட்டு என் மூளையச் சொல்ல வந்துட்டான்."

அங்கிருந்து ஆரம்பித்தது. பசை பூசியதற்குத் தம்பி திட்டினார், அதைப் பார்த்துக்கொண்டே பத்தடியில் உட்கார்ந்திருந்ததற்கு அக்கா திட்டினார். ஓட்டையைத் திறந்து, லைட்டை மாட்டி எரியவிட்டு, ஆவி குழாய் வழியாக வெளியேறும்வரை முக்கால் மணி நேரம் இருவரும் ஓயவில்லை. நான் சிமெண்ட் திட்டில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டேன். கண்ணாடி ஓரத்திலிருந்து மெதுவாகத் தெளிந்து வந்தது.

மூன்றே முக்காலுக்குச் சுவரில் இரண்டு வெளிச்சமும் ஒன்றுபோல விழுந்தன. அதிகாரி தாளில் எழுதிக்கொண்டே, "ரிப்பேர் பண்ணது யாருன்னு எழுதணும். இவர் யாரு, மெக்கானிக்கா?" என்று கேட்டார்.

"என் தம்பி" என்றார் அண்ணி, அந்த மைதானம் முழுவதற்கும் கேட்கும் குரலில். "வாய்தான் சரியில்ல. வேலை சுத்தமா இருக்கும்."

என் வீட்டுக்காரர் கையில் பிடித்திருந்த ஸ்பேனரையே பெட்டிக்குள் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.