இன்னும் கொஞ்சம் ஊதா

மகள் பெர்த்துக்கு வேலைக்குப் போன முதல் ஆண்டு முழுக்க, ஞாயிறு காலை அவள் போன் செய்தால் எங்கள் பேச்சு இரண்டு நிமிடத்தைத் தாண்டியதில்லை. சாப்பிட்டாயா என்பேன். சாப்பிட்டேன் என்பாள். அங்கே மழையா என்பேன். இல்லை என்பாள். அதற்கு மேல் எனக்குப் பேச வராது. போன் அவள் அம்மாவிடம் போய்விடும். இருவரும் ஒரு மணி நேரம் சிரிப்பார்கள். நான் கிள்ளான் வீட்டு ஹாலில் பேப்பரை விரித்துவைத்து, ஒரு வரியும் படிக்காமல் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம்தானே என்று எல்லோரும் ஆறுதல் சொல்வார்கள். கடிகாரம் ஒன்றாக ஓடி எனக்கு என்ன லாபம்?

சின்ன வயதில் அவள் கோமாளி மீன் கேட்டு நச்சரித்திருக்கிறாள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டிருக்குமே, அந்தக் கடல்மீன். நான் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். தினமும் கடலைப் பார்த்துவிட்டு வருகிறேன், வீட்டுக்குள் இன்னொரு கடல் எதற்கு என்று அவள் வாயை அடைத்துவிட்டேன். தீபாவளிக்கு நான்கு நாள் வருகிறேன் என்று அவள் சொன்னதும் அந்தப் பழைய பேச்சு உறுத்தியது. அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஹாலில் இரண்டு கோமாளி மீன்கள் நீந்த வேண்டும் என்று முடிவு செய்தேன். கையில் இரண்டு மாதம் இருந்தது.

தொட்டி வாங்கிய சீனக் கடைக்காரர் மீன் தர மறுத்துவிட்டார். புதுத் தொட்டியில் மீனை விட்டால் அதன் கழிவே அதற்கு விஷம் என்று மலாயில் விளக்கினார். உப்புநீரில் மணலும் கடல் பாறையும் போட்டு, ஒரு பச்சை இறாலை அழுக விட வேண்டுமாம். அழுகினால் அமோனியா வரும். அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியா வளரும். அந்த நைட்ரைட்டைத் தின்ன வேறொரு பாக்டீரியா வளரும். சோதனையில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டினால்தான் மீன்.

சம்பலுக்கு வாங்கிய இறாலில் ஒன்றை எடுத்துப் போட்டேன். என் மனைவி மூக்கைப் பிடித்துக்கொண்டு, இறாலை வாங்கி அழுக வைக்கிற ஆளை இந்தத் தாமான் குடியிருப்பிலேயே பார்த்ததில்லை என்றாள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. இறால் கதையைக் கேட்ட மகள் போனை வைக்கவே இல்லை. அடுத்த வாரத்துக்குள் என்னைவிட அதிகம் படித்துவைத்திருந்தாள். சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டு மருந்து விட்டால் அமோனியாவுக்குப் பச்சை, நைட்ரைட்டுக்கு ஊதா. நிற அட்டைக்குப் பக்கத்தில் குழாயை வைத்துப் போட்டோ அனுப்பச் சொல்வாள். என் கண்ணை நம்ப மாட்டாளாம். இருபது நிமிடம், அரை மணி என்று பேசினோம். மனைவி தன் முறைக்குக் காத்திருந்தாள். எனக்கு அதில் அற்பப் பெருமை.

ஆறாவது வாரம் மணல்மேல் மைலோ தூளைக் கொட்டியதுபோல் பழுப்புப் பாசி படிந்தது. பாறையிலும் ஏறியது. கடைக்காரரிடம் ஓடினேன். "பியார் சாஜா, போஸ்" என்றார். அப்படியே விட்டுவிடு, தானாக வந்தது தானாகப் போகும் என்று அர்த்தம். வேண்டுமானால் விளக்கைக் கொஞ்ச நேரம் குறைக்கலாமாம். அமோனியா அடங்கிவிட்டது. நைட்ரைட்தான் இன்னும் கொஞ்சம் ஊதாவில் நின்றது.

விட்டுவிடுகிற ஆளா நான்? தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை எங்கள் வீட்டில் கழுவாத பொருள் இருக்காது. திரைச்சீலை, காற்றாடி இறக்கை, கிரில் கதவு, செருப்பு அடுக்கு எல்லாம் என் தலைமையில் நடக்கும். அன்று கையில் தண்ணீர்க் குழாயோடு நின்றபோது அழுக்குப் பிடித்த தொட்டி கண்ணில் பட்டது. இதையா என் பிள்ளை வந்து பார்ப்பாள் என்று மனசு கேட்கவில்லை. பாறைகளையும் மணலையும் போர்ட்டிக்கோவுக்குக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். ஃபில்டர் பஞ்சைக்கூட வெளுக்கும்வரை பிழிந்தேன். புது உப்புநீர் நிரப்பினேன். தொட்டி பளபளத்தது.

மறுநாள் பெருமையாகப் போனைத் தொட்டிப் பக்கம் திருப்பினேன். மகள் முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுவந்தாள்.

"அப்பா, பைப் தண்ணிலயா கழுவுனீங்க?"

ஆமாம் என்றேன்.

"பாக்டீரியா எல்லாம் அந்தப் பாறையிலயும் மணல்லயும்தான்பா இருந்துச்சு. பைப் தண்ணில குளோரின் இருக்குல, எல்லாம் செத்துருக்கும்."

திட்டியிருந்தால் தேவலை. இரண்டு மாத உழைப்பை என் கையாலேயே சாக்கடைக்கு அனுப்பியிருந்தேன்.

மகள் வந்தாள். தீபாவளி விருந்துக்கு வந்தவர்கள் எல்லோரும் மீன் எங்கே என்று கேட்டார்கள். மூன்றாவது ஆளிடம் எரிந்து விழுந்தேன். நான்கு நாள் எப்படிப் போனது என்றே தெரியவில்லை. புறப்படும் காலையில் அவளே குளிர்பெட்டியிலிருந்து ஓர் இறாலை எடுத்துத் தொட்டியில் போட்டாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னாள். விமான நிலையத்தில் அவளை விட்டுவிட்டு நானும் மனைவியும் வீடு திரும்பினோம். அவள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. இன்றும் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பி வந்தன. பச்சை வந்து போனது. ஊதா வந்தது. பழுப்புப் பாசியும் வந்தது. இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மாதத்தில் அது தானாகவே உதிர்ந்து போனது.

போன ஞாயிறு, அவள் அழைக்கும் முன் சோதித்துப் பார்த்தேன். அமோனியா பூஜ்யம். நைட்ரைட் குழாய் தெளிந்த வெளிர்நீலம், அதுவும் பூஜ்யம். அன்றே மீன் வாங்கலாம். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மீன் வந்த பிறகு அவள் என்ன கேட்பாள்? மீன் நல்லா இருக்கா. நல்லா இருக்கு. சாப்பிட்டாயா. சாப்பிட்டேன்.

போன் அடித்தது. நைட்ரைட் எவ்வளவு என்று கேட்டாள். குழாயைத் தொட்டிக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் ஊதா இருக்கும்மா."

எப்போதும் போட்டோ கேட்கிறவள் அன்று கேட்கவில்லை.

"அவசரம் இல்லப்பா" என்றாள். "அடுத்த வாரமும் பாப்போம்லா."