லூடர் செத்த இடம்

இல்சபே வேர்காம்ப் தன் ஆயுசில் ஊர் எல்லையைத் தாண்டியது ஏழே தடவை. ஆனால் மூன்று நாடுகளில் குடியிருந்தவள். பிறந்தது ஹனோவர் அரசரின் மண்ணில். ஐம்பதாவது வயதில் அதே வீடும் அதே அடுப்பும் பிரஷ்யாவுக்குள் போயின. இன்னும் ஐந்து வருஷம் கழித்து ஜெர்மன் பேரரசுக்குள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், பன்றிக்குத் தீனி வைக்க நேரமாச்சு என்று எழுந்து போயிருப்பாள்.

புருஷன் சின்ன வயதிலேயே, அடுப்பெரிக்கச் சதுப்பில் வெட்டியெடுக்கிற கரிமண் ஏற்றிய வண்டி கவிழ்ந்து செத்துப்போனான். இரண்டு பிள்ளைகள். மூத்தவன் லூடர் வாயாடி. பாதிரியாரையே கிண்டல் செய்து சிரிக்க வைத்துவிடுவான். இளையவன் டீர்க் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ரகம். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தாறாம் வருஷம் ஜூன் மாதம் பிரஷ்யா படையெடுத்து வந்தபோது லூடர் ஹனோவர் சிப்பாய். கிளம்புகிற அன்று காலையில் கொழுப்பு விட்டுச் சுட்ட அடையை நான்கு மடித்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"ஒரு வாரம்தாம்மா. பிரஷ்யாக்காரனைத் துரத்திட்டு வந்துடறேன். அதுக்குள்ள பன்னியை வித்துடாதே."

"பன்னி இருக்கும். நீ வந்து சேரு," என்றாள் இல்சபே.

வரவில்லை. பக்கத்து வீட்டு ஹின்னெர்க்தான், தொடையில் குண்டோடு, ஒரு மாதம் கழித்து நொண்டிக்கொண்டு வந்தான். லூடரும் அவனும் ஒரே படைப்பிரிவு. அடுப்படியில் நின்றபடியே சொன்னான்.

"லாங்கன்சால்ஸாவுல சண்டை, பெரியம்மா. நாமதான் ஜெயிச்சோம். என் மடியிலதான் போனான்."

"ஜெயிச்சது அவனுக்குத் தெரியுமா?"

ஹின்னெர்க் தரையைப் பார்த்தான். "தெரியாது. அதுக்கு முன்னாடியே போயிட்டான்."

ஜெயித்தவர்கள் இரண்டாம் நாள் சரணடைந்தார்கள். அது என்ன ஜெயிப்போ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சுற்றிலும் பிரஷ்யப் படை, கையில் தோட்டா இல்லை, ரொட்டி இல்லை என்றார்கள். இலையுதிர்காலத்துக்குள் ஹனோவர் என்ற நாடே இல்லாமல் போனது. செத்தவர்களை அங்கேயே பெரிய குழியாக வெட்டிப் புதைத்துவிட்டார்கள். அவ்வளவு தூரம் இல்சபே எப்படிப் போவாள்?

எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாமல் செத்தவர்களுக்கு ஊரே கூடிக் கிரீடம் கட்டும். பசுந்தழை, கம்பி, ஜரிகைத்தாள் எல்லாம் வைத்துக் கட்டி, நாடாவில் பெயரை எழுதி, தேவாலயச் சுவரில் மாட்டிவிடுவோம். பார்க்காமல் போன கல்யாணத்தைப் பார்த்ததாக ஒரு கணக்கு. லூடருக்கும் கட்டினார்கள், ஹனோவரின் மஞ்சளும் வெள்ளையுமாக நாடா வைத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் இல்சபே அதற்கு நேர் கீழே உட்காருவாள். அழுததில்லை. கேட்டால், "அழுகை வரமாட்டேங்குது, நான் என்ன பண்ண," என்பாள்.

மறு வருஷம் புதுப் பிரஷ்ய அதிகாரி ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தார். மஞ்சள் வெள்ளை நாடா கண்ணில் பட்டது. அந்த நிறம் இனி வேண்டாம் என்றார். அவர் சொன்னது நாடாவை மட்டும். எங்கள் ஊர்த்தலைவர் பார்ட்டெல்ஸ் ஒரு பயந்தாங்கொள்ளி. அதிகாரியின் வண்டி ஊரைத் தாண்டுவதற்குள் ஏணி வைத்துக் கிரீடத்தையே கழற்றிக் கொண்டுவந்து இல்சபேயின் மேசைமேல் வைத்துவிட்டார். தேவாலயத்தில் லூடரின் பெயர் இருந்த இடத்தில் ஒரு ஆணி மட்டும் மிச்சம் இருந்தது.

அந்த வருஷமே டீர்க்கைப் பிரஷ்யப் படைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். முதல் விடுமுறைக்கு வந்தவன் கூர்முனை வைத்த தொப்பியோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"அம்மா, இதையெல்லாம் கழட்டிட்டு உள்ள வரட்டுமா?"

"எதுக்கு? குளிருது, வா," என்றாள்.

எழுபதாம் வருஷம் பிரஷ்யா பிரான்சோடு போருக்குப் போனது. ஆகஸ்டில் பிரான்சில், வியோன்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில், டீர்க்கும் செத்தான். இந்தத் தடவை நொண்டி வந்து சொல்ல ஆள் இல்லை, காகிதம் வந்தது. பாதிரியார் வாசித்துக் காட்டினார். இல்சபே நன்றி சொல்லிவிட்டு, பாதி உரித்திருந்த பீன்ஸை உரித்து முடித்தாள். ஊர்ப் பெண்கள், கல்மனசுக்காரி என்று பேசிக்கொண்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுக்கே தன் மனசு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

ஜனவரியில் மணி அடித்தார்கள். ஜெர்மன்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பேரரசர் வந்துவிட்டாராம், அதே பிரஷ்ய அரசர்தான். கோடையில் தேவாலயத்தில் பலகை வைக்க ஏற்பாடு நடந்தது: பிரான்சுப் போரில் பேரரசுக்காக உயிர்நீத்தவர்கள், ஆறு பெயர். அதில் டீர்க்கும் ஒருவன். அன்று இல்சபே தோய்த்த முக்காட்டைக் கட்டிக்கொண்டு பார்ட்டெல்ஸ் வீட்டுக்குப் போனாள். யாரிடமும் எதுவும் கேட்டறியாதவள்.

"ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கணும்," என்றாள்.

"யாரு ரெண்டு பேரு?"

"லூடரும் டீர்க்கும். அவன் மூத்தவன். அவனை விட்டுட்டு இவனை மட்டும் எப்படி எழுதறது?"

பார்ட்டெல்ஸ் புகையிலைக் குழாயை வாயிலிருந்து எடுத்தார். "நீ விவரம் தெரிஞ்சுதான் பேசறியா? அவன் இவங்களை எதிர்த்துச் சண்டை போட்டவன். அவனை எங்கே எழுதறது? பலகையைத் திறந்துவைக்க அதிகாரியே வர்றார்."

இல்சபே நகரவில்லை. நாற்காலி போடச் சொல்லவும் இல்லை, போகவும் இல்லை. பார்ட்டெல்ஸ் ஜன்னலைப் பார்த்தார், குழாயைத் தட்டினார், கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு பண்ணலாம். ஏழாவது பேரா எழுதிடறேன். எல்லாப் பேரும் எழுபதுன்னு போட்ட தலைப்புக்குக் கீழேதான் வரும். பிரான்சுல செத்த மாதிரி. யாரு வந்து தோண்டப் போறா? ஆனா நீ வாயைத் திறக்கக் கூடாது. அப்படின்னா சொல்லு, இல்லேன்னா விட்டுடு."

அவருடைய பூட்ஸைப் பார்த்தாள். பிறகு, "எழுதுங்க," என்றாள்.

சங்கதி தெரிந்ததும் ஹின்னெர்க் வேலியைத் தாண்டி வந்தான். முகம் சிவந்திருந்தது.

"பெரியம்மா, உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா? அவனைக் கொன்னவங்களுக்காகவே செத்தான்னு எழுதப்போறாங்க."

"பேரு இருக்கும்ல."

"பொய்யாயில்ல இருக்கும்."

"உண்மையா எங்கே இருக்கு, காட்டு. அங்கே போய் உக்காந்துக்கறேன்."

ஹின்னெர்க் திரும்பி வேலியைத் தாண்டிப் போனான். அன்றோடு அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். ஆனால் வருஷா வருஷம் அவளுடைய கரிமண் கட்டிகளை அவன்தான் வந்து அடுக்குவான், வாயை இறுக மூடிக்கொண்டு. எங்கள் ஊர் ஆண்களுக்குக் கோபிக்கக்கூட ஒழுங்காகத் தெரியாது.

பலகை திறந்த அன்று ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். பெயர் வாசிக்கும்போது அந்த வீட்டார் எழுந்து நிற்பது வழக்கம். இல்சபே இரண்டு தடவை எழுந்தாள். அதிகாரி இறங்கி வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரெண்டு பிள்ளைங்களையும் பேரரசுக்குக் கொடுத்திருக்கீங்கம்மா."

"ஆமாங்கய்யா," என்றாள்.

பிறகு ஒவ்வொரு செப்டம்பரிலும் பிரான்சை ஜெயித்த நாள் விழா வந்தது. பள்ளிப் பிள்ளைகள் பலகைக்கு முன்னால் நின்று பெயர்களை ஒப்பிப்பார்கள். நாளாவட்டத்தில் கதையும் வளர்ந்தது. லூடர் வேர்காம்ப் கொடியைப் பிடித்துக்கொண்டு ஓடினான், தம்பியைக் காப்பாற்றப் போய் விழுந்தான் என்றெல்லாம் சொன்னார்கள். முதல் சில வருஷம் அவன் பெயர் வரும்போது இல்சபே உதட்டுக்குள் லாங்கன்சால்ஸா என்று சொல்லிக்கொள்வாள். யாருக்கும் கேட்காது. பாதிரியார் அது ஜெபம் என்று நினைத்தார். ஒரு வருஷம் சொல்ல மறந்துபோனாள். அடுத்த வருஷம் மறந்ததும் மறந்துபோயிற்று.

எண்பத்தைந்தாம் வருஷம் வெளியூரிலிருந்து இளவயது வாத்தியார் ஒருவர் வந்தார். ஊர் வரலாறு எழுதுகிறேன் என்று நோட்டும் கையுமாக வீடு வீடாகப் போனார். இல்சபே வீட்டுக்கு அவர் வந்தது நல்ல வெயில் நேரம். ஹின்னெர்க் சுவரோரமாகக் கரிமண் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"பாட்டி, உங்க ரெண்டு பிள்ளைங்களைப் பத்தித்தான் கேக்க வந்தேன்," என்றார் வாத்தியார். "பலகையில ஊர் பேரு போடலை. எனக்கு உண்மையான விவரம் வேணும். சின்னவர் எங்கே இறந்தார்?"

"வியோன்வில்."

எழுதிக்கொண்டார். "பெரியவர்?"

ஹின்னெர்க்கின் கை நின்றது. பார்ட்டெல்ஸ் செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்த அதிகாரி மாற்றலாகிப் போய் யுகமாகிவிட்டது. இனி யாரும் பலகையைக் கழற்றப் போவதில்லை. வாத்தியார் நல்ல மாதிரி. எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"பிரான்சுல," என்றாள் இல்சபே.

"தம்பி கூடவேவா?"

"கூடவேதான்."

வாத்தியார் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அவர் திருப்பத்தில் மறைகிறவரை ஹின்னெர்க் காத்திருந்தான். பதினாலு வருஷத்தில் அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"என் மடியிலதான் செத்தான், பெரியம்மா."

"தெரியும்ப்பா."

"லாங்கன்சால்ஸாவுல."

"தெரியும்."

"அப்புறம் ஏன் இப்படிச் சொன்னீங்க? இப்ப உங்களை யாரு மிரட்டினா?"

இல்சபே இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். வேண்டுமென்றே சொன்னதாக அவளுக்கே தோன்றவில்லை. யோசித்துப் பார்த்தாள், நிஜமாகவே முயற்சி செய்து பார்த்தாள்.

"பொய் சொல்லணும்னு சொல்லலேப்பா. கண்ணை மூடினா அவன் அங்கேதான் இருக்கான், டீர்க் பக்கத்துல. நீ சொல்ற இடத்துல எனக்கு யாருமே தெரியலே."

ஹின்னெர்க் கையிலிருந்த கட்டியைக் கீழே வைத்தான். நொண்டிக் காலை நீட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன்தான் அழுதான். இல்சபே அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு, அது ஓயட்டும் என்று காத்திருந்தாள்.