ஆளில்லாத வீட்டைப் படமெடுக்க ஒரு கமரா

கனடாவில் இருக்கும் என் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் எடுத்து, மாங்குளத்தில் நான் இருக்கும் வீட்டை விற்கப் போவதாகச் சொன்னான். அவனும் பிரான்சில் இருக்கும் தங்கையும் பேசி முடித்துவிட்டார்களாம். எனக்கென்று ஒரு வேலை மட்டும் மிச்சம் வைத்திருந்தார்கள். வீட்டை நல்ல வடிவாகப் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

"நீங்கள் போனில எடுத்தது புகைக்குள்ள நிண்டு எடுத்த மாதிரி இருக்கு அக்கா. கைக்கு அடக்கமான டிஜிட்டல் கமரா ஒண்டு வாங்குங்கோ, காசு அனுப்பிவிடுறன். வெளியில இருக்கிற ஆக்கள் படத்தைப் பாத்துத்தான் காணி வாங்குவினம்."

"ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டால் என்ன?"

"வேண்டாம், வேண்டாம். ஊருக்குள்ள கதை போயிடும்."

வீடு எனக்குச் சீதனமாகத் தருவதற்கென்று அப்பா கட்டியது. சீதனம் எழுதுவதென்றால் கலியாணம் நடக்க வேண்டும். எனக்கு அது நடக்கவில்லை, காணி உறுதிப் பத்திரமும் அப்பாவின் பெயரிலேயே இருந்துவிட்டது. அவர் போன பிறகு மூன்று பேருக்கும் பொது. சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது சுவர் மட்டும் நின்ற வீட்டுக்குக் கூரை போட்டவள் நான். அதையெல்லாம் எந்த உறுதியில் எழுதுகிறார்கள்? ஐம்பத்துநான்கு வயதில் யாழ்ப்பாணத்தில் எனக்கு இன்னொருவர் வீட்டோடு ஒட்டிய ஓர் அனெக்ஸ் வாடகைக்கு எடுத்துத் தருவார்களாம்.

எனக்குப் போக விருப்பமில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், அவ்வளவு பெரிய காணியை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பார்கள்.

மோசமான கமரா ஒன்றை வாங்கினால் வீடு விற்காது என்ற எண்ணம் வவுனியா பஸ்ஸில் வராமல் இல்லை. வந்தது, நன்றாகவே வந்தது. ஆனால் முல்லைத்தீவில் ஒரு கந்தோரில் காணி வரைபடம் கீறுவது என் தொழில். கோடு மயிரளவு சரிந்தாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இப்படிப் பழகிய கையை வைத்துக்கொண்டு கள்ள வேலை பார்ப்பது லேசில்லை.

வவுனியாக் கடை முதலாளி ஒரு முஸ்லிம் மனிதர், அறுபது வயதிருக்கும். என்னைக் கண்டதும் "வாங்கோ டீச்சர்" என்றார். கண்ணாடி போட்டுக் குடையோடு தனியே வரும் பெண்ணென்றால் ஊருலகத்துக்கு டீச்சர்தான். திருத்தப் போகவில்லை. இப்போது எல்லோரும் போனில் படம் எடுப்பதால் சின்னக் கமரா கேட்டு ஆள் வருவது குறைவு என்று சொல்லி, அலுமாரியிலிருந்து மூன்றை எடுத்து வைத்தார்.

"இதைப் பாருங்கோ. இருபது மெகாபிக்சல். இதுக்கு மேல என்ன வேணும்?"

கேக்கிறவன் கேணையன் எண்டால் எருமை மாடும் ஏரோப்பிளேன் ஓட்டும் என்பார்கள். நான் மூன்றையும் கொண்டு கடை வாசலுக்குப் போய், எதிரே நின்ற வேப்பமரத்தையும் பக்கத்துக் கடையின் இரும்புக் கதவையும் ஒரே இடத்தில் நின்று எடுத்தேன். பிறகு அவருடைய கணினியில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தோம். இருபது மெகாபிக்சல்காரனில் வேப்பிலை எல்லாம் சேர்ந்து களியாகக் கிடந்தது. இரண்டாவது, தூரத்தை இழுத்து எடுப்பது. அதில் கதவின் கோடுகள் ஓரத்துக்குப் போகப் போக வயிறு தள்ளின. மூன்றாவது கறுப்பாய், தடிப்பாய், பார்வைக்கு ஒன்றுக்கும் உதவாததுபோல இருந்தது, மெகாபிக்சல் எண்ணிக்கையும் அதில்தான் குறைவு. ஆனால் இலை இலையாகத் தெரிந்தது. கோடு கோடாக நின்றது. கதவின் நிழலுக்குள் கிடந்த பூட்டுக்கூடத் தெரிந்தது.

"இதுக்குள்ள வெளிச்சம் பிடிக்கிற தகடு பெரிசு டீச்சர்," என்று அவரே ஒத்துக்கொண்டார். "வாய் அகண்ட வாளி மழைத்தண்ணியைக் கூடப் பிடிக்குமெல்லோ, அதுமாதிரி. விலைதான் கொஞ்சம்..."

"காசு தம்பியின்ர," என்றேன்.

அதையே வாங்கினேன். திரும்பி வரும்போது பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். நல்லதைத் தெரிந்தெடுத்துவிட்டேன் என்று ஒரு பக்கம் பெருமை. மறுபக்கம், என்ன விசர் வேலை பார்த்துவிட்டு வருகிறேன் என்று என் மேலேயே கோபம். முறிகண்டி கழியும்வரை இரண்டும் மாறி மாறி வந்தன, அதற்குள் நான் இறங்க வேண்டிய மாங்குளத்தையே தாண்டிவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. இன்னொரு பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை, வெயில் ஏற முதல், இருபத்தேழு படங்கள் எடுத்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பிழிந்து சக்கையாக்கிவிடும் என்று ஒவ்வொன்றாக மின்னஞ்சலில் ஏற்றினேன். இரவு தம்பி போன் எடுத்தான்.

"அக்கா, சொல்லி வேலையில்லை. கூரை ஓடுகளை ஒவ்வொண்டா எண்ணலாம் போல கிடக்கு." எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. பிறகு அவன் குரலைத் தணித்தான். "ஆனா பெருப்பிச்சுப் பாத்தால் எல்லாம் தெரியுது. யன்னல் கம்பியில உங்கட துவாய் காயுது. வாசல்ல செருப்பு. குசினியில கோப்பை கவிட்டுக் கிடக்கு."

"அதுக்கென்ன?"

"ஆள் இருக்கிற வீடெண்டால் வாங்கிறவை பயப்பிடுவினம் அக்கா. பிறகு எழுப்பேலாது, வழக்கு வம்பெண்டு வரும் எண்டு. ஒருத்தரும் இல்லாத மாதிரி இன்னொருக்கா எடுங்கோ."

போன் படத்தில் இதெல்லாம் புகையோடு புகையாகப் போயிருக்கும். நல்ல கமராவாகப் பார்த்து வாங்கியவள் நான்தானே.

ஞாயிறு முழுக்க அந்த வேலைக்கென்று ஒதுக்கி வைத்தேன். துவாய், செருப்பு, குடை, கோப்பை, ஒரு தட்டு, மருந்துப் பெட்டி, கொடியில் கிடந்த இரண்டு சட்டை, நாட்காட்டி, வாசலில் நான் இருக்கிற கதிரை. கதிரையைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன். மிச்சமெல்லாம் ஓர் உரப்பைக்குள் அடங்கிவிட்டன. அடுப்பில் வைத்த சோறு வெந்து இறங்கவில்லை, அதற்குள் வேலை முடிந்துவிட்டது. பதினைந்து வருடம் இருந்த வீட்டிலிருந்து என்னை எடுத்துவிட அவ்வளவு நேரம் போதுமாக இருந்தது. பையின் வாயைக் கட்டும்போது அழுதேன். யாரும் இல்லாத வீட்டில் அழுவதற்கு ஒரு வசதி உண்டு, முகத்தைத் துடைக்க அவசரப்பட வேண்டியதில்லை.

படங்கள் முந்தியதை விட வடிவாக வந்தன.

இரண்டு கிழமையில் லண்டனிலிருந்து ஒருவர் விருப்பம் காட்டினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா, ஊருக்கு வந்து இருக்கப் போகிறாவாம். ஒரு பின்னேரம் தம்பி அந்த அம்மாவையும் என்னையும் ஒரே லைனில் இணைத்தான். எல்லை, அளவு ஏதாவது கேட்டால் மட்டும் நான் பதில் சொல்ல வேண்டும். "காணியைப் பாக்கிற ஆள் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். நீங்களும் அப்பிடியே நில்லுங்கோ," என்று முதலே சொல்லியிருந்தான். சரி என்றிருந்தேன்.

அந்த அம்மா படங்களைப் புகழ்ந்தா. தம்பி, ஓர் ஆளைப் பிடித்து எடுப்பித்ததாகச் சொன்னான். அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவா கேட்டா, "கிணத்துத் தண்ணி எப்பிடித் தம்பி? குடிக்கலாமோ?"

"அது... குடிக்கலாம் எண்டுதான் நினைக்கிறன்."

அவன் அந்தத் தண்ணீரைக் குடித்து இருபது வருடத்துக்கு மேல். குத்துமதிப்பான கணக்கு என் காதில் விழுந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது.

"குடிக்கலாம் அம்மா," என்றேன். "கேத்திலில வெள்ளையாப் படியும், ஆனா வாய்க்கு நல்லாயிருக்கும். ஆவணியில அடியில ரெண்டு வளையத்துக்குத்தான் நிக்கும், வத்தாது. காலமையும் அதிலதான் தேத்தண்ணி வைச்சனான்."



"அப்ப நீங்கள் அந்த வீட்டிலயோ இருக்கிறியள்?"

"அக்கா..." என்றான் தம்பி, அவசரத்தில்.

"உங்கட அக்காவோ?" அந்த அம்மாவின் குரல் மாறிவிட்டது. "பிள்ளை, நீங்கள் தனியவோ இருக்கிறியள்?"

"ஓம், தனியத்தான்."

"வீட்டை விக்க உங்களுக்கு விருப்பமோ?"

"இல்லை."

சொல்லிவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு மனிசியிடம், அவ்வளவு லேசாக. போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தேன்.

"நீங்கள் என்னட்ட ஒருநாளும் இதைச் சொல்லேல்லையே அக்கா," என்றான் தம்பி.

"நீ கேக்கேல்லையடா."