கம்பிவலைக்குள் ஒரு தோள்

வாவிக்கரையில் நான் வேலை செய்த சிகிச்சை நிலையத்தில், ரேடியோ அலையால் தோளுக்கும் முதுகுக்கும் சூடு கொடுக்கும் பழைய மெஷின் ஒன்று இருந்தது. யுத்த காலம். அதைப் போட்டால் பக்கத்து இராணுவ முகாமின் வயர்லெஸ்ஸில் இரைச்சல் விழும். ஒளித்துச் செய்தி அனுப்புகிறோமோ என்று சந்தேகப்பட்டு வந்த அதிகாரி, மெஷினைப் பார்த்த பிறகு கொஞ்சம் இறங்கினார். ஆனாலும் இரண்டு நாளில் இரைச்சல் நிற்காவிட்டால் தூக்கிக்கொண்டு போவேன் என்றார்.

எனக்கு ஒரு மீனவரைப் பற்றித்தான் கவலை. தோள் இறுகி, வலது கையை நெஞ்சுக்கு மேல் தூக்க முடியாதவர். பாலத்துச் சோதனைச் சாவடியில் கைகளை உயர்த்தச் சொன்னபோது ஒற்றைக் கையை மட்டும் உயர்த்தி, அடி வாங்கி வந்திருந்தார். அடுத்த முறை அடித்ததோடு விடுவார்களா?

காத்தான்குடியிலிருந்து ரேடியோ திருத்தும் ஒருவரைக் கூப்பிட்டேன்; முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல அவரை 'நானா' என்போம். மெஷினின் புத்தகத்தில், வெளியே கசியும் அலை எவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு பக்கம் இருந்தது. அதை நிதானமாகப் படித்தார்.

"அளவு இரிக்கி மிஸ், அளக்கிற கருவிதான் இல்ல. முகாம்காரன்ட காதுதான் நமக்கு அளவு."

கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பிவலையைச் சட்டங்களில் அறைந்து வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வந்து, அவற்றை மெஷினையும் கட்டிலையும் சுற்றிக் கூண்டாக நிறுத்தினார். உள்ளே படுத்த மீனவர், "மீனுக்குச் செஞ்ச பாவம், இப்ப நான் வலைக்குள்ள," என்று சிரித்தார்.

மெஷினைப் போட்டேன். மதிலடியில் வைத்திருந்த நானாவின் ட்ரான்சிஸ்டர் பழையபடி இரைந்தது. அவர் கூண்டைத் தடவிக்கொண்டே வந்து ஒரு மூலையில் நின்றார்.

"பெயின்ட் அடிச்சது ஆரு?"

நான்தான். முதல்நாள் அவர் போன பிறகு, உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்குமே என்று வலையின் ஓரமெல்லாம் பூசியிருந்தேன். இந்த ஊரில் இரும்பைக் கண்டால் எங்களுக்குக் கை சும்மா இருக்காது. வலையோடு வலை நேராகத் தொட்டால்தான் அலை அடங்குமாம். என் பெயின்ட் இடையில் புகுந்து கெடுத்திருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"மறுகா என்ன, சுரண்டுவம் மிஸ்," என்றார். இருவரும் கத்தியால் மூட்டு மூட்டாகச் சுரண்டினோம்.

திரும்பப் போட்டபோது ட்ரான்சிஸ்டர் வாய் திறக்கவில்லை. எனக்கு அது போதும். அவருக்குப் போதவில்லை.

"நம்மட ரேடியோவுக்குக் கேக்கல்ல. அவங்கட செட்டுக்கும் கேக்கப்படாதே. நிப்பாட்டாதீங்க, நான் போய்க் கேட்டுட்டு வாறன்."

கூப்பிடாமல் முகாம் வாசலுக்குப் போக அந்த நாளில் யாருக்குத் துணிவு வரும்? அவர் மடித்துக் கட்டியிருந்த சரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு நடந்தார். நான் மெஷினை நிறுத்தாமல் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் கழித்து வந்தார். "அதிகாரியே காதுல வச்சுக் கேட்டாரு. மெஷின் ஓடுதெண்டா நம்புறார் இல்ல." அப்படியொரு மனிதரை நான் பிறகு கண்டதில்லை.

மெஷின் தப்பியது. சில மாதங்கள் கழித்து, பாலத்துச் சாவடி வரிசையில் அந்த மீனவருக்குப் பின்னால் நின்றேன். கைகளை உயர்த்தச் சொல்லிக் கத்தினார்கள். அவருடைய இரண்டு கைகளும் ஒன்றாக, காதைத் தாண்டி மேலே போயின. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது. துப்பாக்கிக்கு முன்னால் ஒரு மனிதன் கையுயர்த்தி நிற்பதைப் பார்த்தா சந்தோஷப்பட்டேன் என்ற நினைப்பு, பாலத்தைக் கடந்த பிறகுதான் வந்தது.