டோக்தொசுன் அண்ணனின் பழைய மேட்ச்

எங்கள் மலை ஊரான நரினில் கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் மூன்று பேர் இருக்கிறோம். அதில் செத்துப்போன ஒரு பெண்ணின் குரலை மிச்சம் மீதி இல்லாமல் அழித்தவன் நான் ஒருத்தன்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை மறைத்து வைத்துப் போட்டு உடைக்கிற சாமர்த்தியமெல்லாம் எனக்கு வேண்டாம். என் பெயர் மெலிஸ். குரல் சல்கின் அண்ணியுடையது. அதை நம்பிக்கொண்டிருந்தவர் அவள் புருஷன், டோக்தொசுன் அண்ணன்.

அண்ணன் டிராலிபஸ் ஓட்டினார், இருபத்தெட்டு வருஷம். எங்கள் ஊருக்கு இருப்பதே ஆற்றோரம் ஒரே நீளத் தெரு. அதில் போவார், திரும்பி வருவார். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உயரம், குரல் அடித்தொண்டையிலிருந்து வருகிற கட்டைக் குரல். ஸ்டாப் பெயரைச் சொன்னால் தூங்குகிறவர்கள் திடுக்கிட்டு எழுந்து தப்பான ஸ்டாப்பில் இறங்கிவிடுவார்கள். ஃபுட்பால் என்றால் உயிர். நானோ குதிரை இல்லாத விளையாட்டை விளையாட்டு என்றே ஒத்துக்கொள்ளாதவன்.

தொண்ணூற்றெட்டு உலகக் கோப்பை நடந்தபோது நான் அவர் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் குடியிருந்தேன். அப்பாவின் இரண்டு குதிரைகளை விற்று வீடியோ கேமரா வாங்கியிருந்த நேரம். ஊரில் எல்லோரும் என்னைத் தேடி வந்தார்கள். அண்ணனும் வந்தார். ஹாலந்துக்கும் அர்ஜென்டினாவுக்கும் மேட்ச், அதைப் பிடித்து வைக்க வேண்டும், வீட்டில் டெக் கிடையாது, உன் கேமராவை டிவி முன்னால் வைத்து எடுத்துக் கொடு என்றார். மடித்து அடுக்கிய மெத்தைகளின் மேல் கேமராவை வைத்து, வயரைச் சொருகி, பட்டனை அமுக்கிவிட்டு நான் பக்கத்து ஊரில் ஒரு விருந்துக்குப் போய்விட்டேன். மறுநாள் கேசட்டை எடுத்துக் கொடுத்தேன். என்ன பதிவாகியிருக்கிறது என்று போட்டுக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அடுத்த மார்ச்சில் சல்கின் அண்ணி போய்ச் சேர்ந்தாள். சிறுநீரகம் என்றார்கள். படுத்து பன்னிரண்டாம் நாள் முடிந்துவிட்டது. கைக்குழந்தை பெரிசாத்துக்கு ஒன்றரை வயது. அத்பாஷியில் அண்ணனின் அக்கா பாத்மா இருந்தாள், பிள்ளை இல்லாதவள். நாற்பதாம் நாள் காரியம் முடிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். எங்களில் இது புதுசில்லை. உடன்பிறந்தவர்களுக்குள் பிள்ளையைக் கொடுப்பதும் எடுப்பதும் உண்டு. கொடுத்தால் கொடுத்ததுதான். பாத்மா அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: இவள் என் மகள், இவள் முன்னால் சல்கின் பேச்சை எடுக்கக்கூடாது. பஸ் ஓட்டிக்கொண்டு ஒன்றரை வயதுக் குழந்தையை எப்படி வளர்ப்பது? அண்ணன் தலையாட்டினார். அன்றிலிருந்து பெற்ற மகளுக்கு அவர் மாமா ஆனார். மாசம் ஒரு தடவை மிட்டாய்ப் பையோடு போவார். ‘மாமா வந்தாச்சு’ என்று அது ஓடிவரும். சிரித்துக்கொண்டு தூக்குவார். திரும்பி வருகிற வழியில் அந்த முகத்தை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அவரோடு அத்பாஷிக்குப் போகவே இல்லை.

பிற்பாடு சந்தையில் ஒரு பழைய டெக் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டில் பழைய மேட்ச் ஓடும். பஸ் டிப்போ ஆட்கள், மார்க்கெட் ஆட்கள் எட்டுப் பத்துப் பேர் கூடுவார்கள். முடிவு தெரிந்த மேட்சுக்கே பந்தயம் கட்டுவார்கள், தெரிந்த கோலுக்கே எழுந்து குதிப்பார்கள், ஒவ்வொரு வாரமும் அதே நடுவரைத் திட்டுவார்கள். எனக்கு அந்த வீட்டு டீயும் எண்ணெயில் பொரித்த பூர்சோக் ரொட்டியும் பிடிக்கும் என்பதால் நானும் போவேன். ஒன்பது கேசட் இருந்தது. எட்டு எல்லோருக்கும். நான் எடுத்த அந்த ஹாலந்து மேட்சை மட்டும் போட மாட்டார். கேட்டால், தேஞ்சுடும் என்பார். வருஷத்துக்கு ஒரு தடவை, கதவைச் சாத்திக்கொண்டு, தனியாகப் பார்ப்பார்.

அப்புறம் எல்லோர் கையிலும் போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மெல்லக் கரைந்தது. ஒருநாள் நான் அவர் மூக்கு முன்னால் போனை நீட்டி, “அண்ணே, உங்க மேட்ச் இதுல பளிச்சுனு இருக்கு, எதுக்கு அந்த அழுக்கு கேசட்டைக் கட்டிட்டு அழறீங்க?” என்றேன். பத்து நிமிஷம் மரியாதைக்குப் பார்த்தார். “இது வேற மேட்ச் தம்பி,” என்று திருப்பிக் கொடுத்தார். இதை நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். ஒரே மேட்சை இரண்டு மேட்ச் என்கிற மனுஷன் என்று கல்யாணப் பந்தியில் சொன்னால் நன்றாக எடுபடும். என் வாயில் மண்ணை அள்ளிப் போட.

பெரிசாத் மாஸ்கோவுக்கு வேலைக்குப் புறப்பட்டாள். பாஸ்போர்ட்டுக்கு பிறப்புச் சான்றிதழ் எடுத்தபோது, தாய் பெயர் சல்கின், தகப்பன் பெயர் டோக்தொசுன் என்று அதில் இருந்தது. இருபத்தொரு வயதில் ஒரு பெண் ஆபீஸ் வாசலில் நின்று தெரிந்துகொள்கிற விஷயமா இது? அழுதாள், பாத்மா அக்காவோடு ஒரு மாசம் பேசவில்லை, பிறகு பேசினாள். அண்ணனை எப்போதும்போல மாமா என்றேதான் கூப்பிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இருபது வருஷம் பழகிய வாய் ஒரு காகிதத்தைப் பார்த்ததும் திரும்பிவிடுமா? மாஸ்கோவில் அவள் தங்கியிருந்த அறையில் ஆறு பெண்கள். ராத்திரியானால் ஆளாளுக்கு அம்மா அனுப்பிய குரலைப் போனில் போட்டுக் கேட்பார்களாம். ஒருநாள் அண்ணனைக் கூப்பிட்டு, அம்மா குரல் எப்படி இருக்கும் மாமா என்று கேட்டிருக்கிறாள்.

அதற்கு மறுவாரம்தான் அண்ணன் கேசட்டைத் தன் சட்டையில் சுற்றிக்கொண்டு என் வீட்டு முன்னறைக் கடைக்கு வந்தார். அவர் டெக் செத்து நாலு வருஷமாகியிருந்தது. போனில் அனுப்புகிற மாதிரி மாற்றித் தர வேண்டும் என்றார்.

“அப்படியே எடுத்துக் குடு மெலிஸ். நீ ஒண்ணும் பண்ணாத.”

காரணம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவரை எத்தனையோ தடவை மனசுக்குள் திட்டியிருக்கிறேன். அறுபது வயசு ஆம்பளை, ‘இதில் என் பெண்டாட்டி பேசுகிறாள்’ என்று கடையில் நாலு பேர் முன்னால் சொல்வாரா? வெட்கம். சொல்லியும்தான் இருக்கிறாரே, அப்படியே எடு என்று. அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும் எனக்கு?

என் தொழிலைச் சொல்கிறேன். டெக்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு வருகிற வயர்களில் மஞ்சள் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. கல்யாண கேசட்டில் சத்தம் என்றால் என்ன? ஜெனரேட்டர் இரைச்சல், குடித்தவன் உளறல், சம்பந்தியைப் பற்றிப் பெண்கள் பேசுகிற பேச்சு. அதைக் கேட்டு இரண்டு குடும்பம் வெட்டிக்கொண்டதுகூட உண்டு. அதனால் நாங்கள் மஞ்சளை மட்டும் சொருகுவோம், மேலே நல்ல பாட்டாகப் போட்டுக் கொடுப்போம். இருபது வருஷமாக ஒருத்தர்கூட, அசல் சத்தம் எங்கே என்று கேட்டதில்லை. கை தானாக மஞ்சளைத்தான் எடுத்தது. ஓடவிட்டுவிட்டு வேறு வேலையைப் பார்த்தேன். பிறகு, அண்ணனுக்கு ஆயிற்றே என்று கோமுஸ் தந்தி வாத்தியமும் பாட்டுமாக ஒன்பது பொறுக்கிப் போட்டேன். கடைசி நிமிஷத்துக் கோலை மூன்று தடவை மெதுவாக ஓடவிட்டேன். முகப்பில் ‘அன்புள்ள டோக்தொசுன் அண்ணனுக்கு’ என்று தங்க எழுத்து. அவ்வளவு பெருமை எனக்கு!

மாற்றி முடித்த பழைய கேசட்டுகளை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. என் பெண்டாட்டி அவற்றைப் பிரித்து, உள்ளே இருக்கிற நாடாவை இழுத்து, தோட்டத்தில் கரகத் பழச் செடிகளுக்கு மேலே கட்டுவாள். காற்றில் படபடவென்று மின்னும், குருவி அண்டாது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அந்தக் கூடையில் இதையும் போட்டேன். அந்த வாரம் இரண்டு நாள் மழை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணன் வந்தார், தலை வாரி, நல்ல கோட்டு போட்டுக்கொண்டு. மத்தியானம் மகள் கூப்பிடுவாள், அதற்குள் அனுப்ப வேண்டும் என்றார். உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். தங்க எழுத்து வந்தது, கோமுஸ் வாசித்தது. அவர் காதைச் சாய்த்தார்.

“பாட்ட எடு.”

எடுத்தேன். பந்து உருண்டது, சத்தம் இல்லை.

“இப்பச் சத்தத்த வை.”

“சத்தம் இல்லண்ணே. அத எடுக்கல. இரைச்சல்தான இருக்கும்னு…”

அவர் என்னைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். கேமரா சரிந்து விழுந்துவிடுமோ என்று அவள் முதலிலேயே கவலைப்பட்டாளாம். டீ வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டாளாம். கேரட் கலர் சட்டைக்காரர்கள் நம்மவர்களா, மற்றவர்களா என்றாளாம். ஒருத்தனை நடுவர் வெளியே அனுப்பினபோது, பாவம், அவன் அம்மா டிவியில் பார்த்துக்கொண்டிருப்பாளே என்றாளாம். கடைசி நிமிஷத்தில் கோல் விழுந்து இவர் கத்தினபோது அவள் சொன்னதுதான் அந்தக் கேசட்டில் அவளுடைய கடைசிப் பேச்சு.

“‘கத்தாதீங்க பெரிசாத்தப்பா, இப்பத்தான் கண்ண மூடினா’னு சொன்னா. அப்படித்தான் என்னக் கூப்பிடுவா. அவ போனப்புறம் ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டதில்ல, கூப்பிடவும் முடியாது. அம்மா கூப்பிடுறத ஒரு தடவ காதால கேட்டா, எம்புள்ளைக்கும் அப்பான்னு வாய் வரும்னு நெனச்சேன்.”

திரையை விரலால் தொட்டார். பிறகு, “எட்டு எடத்துல நான் அவள வாய மூடுங்கிறேன் தம்பி. மேட்ச் பாக்க விடுன்னு. எண்ணி வெச்சிருக்கேன்,” என்றார்.

கேசட் எங்கே என்று கேட்டார். எழுந்து தோட்டத்துப் பக்கம் நடந்தேன், பின்னாலேயே வந்தார். செடிக்குச் செடி நாடா ஆடிக்கொண்டிருந்தது. நாலைந்து கேசட்டின் நாடா, எது எவருடையது என்று யாருக்குத் தெரியும்? ஈரம் பட்டுச் சுருங்கி, குச்சியில் கிழிந்து, முடிச்சு முடிச்சாக. அவர் நல்ல கோட்டோடு மண்டிபோட்டு அவிழ்க்க ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்தேன். என் பெண்டாட்டி ஜன்னலில் பார்த்துவிட்டு ஓடிவந்தாள், விஷயம் தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அவளும் உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் அவிழ்த்தோம், துடைத்தோம், பென்சிலில் சுற்றினோம். கிடைத்ததையெல்லாம் ஒட்டி டெக்கில் போட்டேன். உஸ்ஸென்று இரைந்தது. நடுவில் ஒரு பேச்சு மாதிரி ஏதோ வந்தது. அண்ணன் என் கையைப் பிடித்தார். ரஷ்யக்காரன் யாரோ வானிலை வாசித்தான். அதோடு டெக் நாடாவை மென்று நின்றுவிட்டது.

அவர் என்னை அடித்திருக்கலாம். ரெண்டு அறை விட்டிருந்தால் ஆயுசுக்கும் நன்றி சொல்லியிருப்பேன். “நீ நல்லதுன்னு நெனச்சுத்தான பண்ணின,” என்றார். அந்தச் சொல் இன்றைக்கும் என்னைத் தூங்க விடுவதில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. பெரிசாத். மாஸ்கோ கேண்டீன் சமையலறையில் வெள்ளைத் தொப்பியோடு நின்றாள், பின்னால் பாத்திரச் சத்தம். வந்துச்சா மாமா, அனுப்பினீங்களா என்று கேட்டாள். என் பெயரை அவர் சொல்லவே இல்லை. பழைய கேசட், தானாகக் கெட்டுப்போச்சும்மா என்றார். அவள் முகம் விழுந்தது. ஆனாலும் கெட்டிக்காரப் பெண். சரி, அம்மா என்ன பேசினாங்கன்னு நீங்களே சொல்லுங்க என்றாள். அவர் டீயிலிருந்து ஆரம்பித்து வரிசையாகச் சொன்னார். அந்த ஆட்டக்காரனின் அம்மாவைப் பற்றிச் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். கடைசிப் பேச்சுக்கு வந்தார். அவள் போனை முகத்தருகே கொண்டுவந்தாள்.

“அவங்க சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டுங்க. அதே குரல்ல.”

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். “கத்தாதீங்க, பெரிசாத்தப்பா,” என்றார். டிராலிபஸ்ஸில் ஸ்டாப் சொல்கிற குரல்தான் வந்தது. “இல்ல, இப்படி இல்ல. இதவிட மெல்லிசு,” என்று மறுபடி முயன்றார். குரலைச் சன்னமாக்கினார். அது பாதியில் பிசிறியது. “இதுவும் இல்ல. கொஞ்சம் தூக்கக் கலக்கமா, சிரிச்சாப்ல. இரும்மா, இரு, வருது,” என்று கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது.

“பெரிசாத்த…” என்றார். அதற்கு மேல் வரவில்லை. இன்னொரு தடவை, “பெரிசாத்த…”

“போதும் மாமா,” என்றாள் பெரிசாத். “விட்டுடுங்க மாமா. அழாதீங்க.”