மேலே ஏறிய மோட்டார்கள்

அந்தத் தெருவுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்மேடுதான். வீட்டுக்கு வீடு ஆழ்குழாய்க் கிணறு. தண்ணீர் லேசாகக் கரித்தால் போதும், மோட்டார்காரரைக் கூப்பிட்டு எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: "இன்னும் ரெண்டு குழாய் சேர்த்து மோட்டாரைக் கீழே இறக்குங்க."

மனுஷன் ஆரம்பத்தில் தொண்டைத் தண்ணி வற்றச் சொல்லிப் பார்த்தார். "நல்ல தண்ணி மேலாகத்தாங்க நிக்குது. அடியில உப்புத் தண்ணி. இறக்கி இறக்கி உறிஞ்சினா கடல்தான் மேலே வரும்." யார் காதில் ஏறியது? இவருக்கு வேலை செய்ய வலிக்கிறது என்று வேறு ஆளைக் கூட்டி வந்தார்கள். அந்த ஆள் இறக்கிவிட்ட வீடுகளில் துவைத்த சட்டை காய்ந்ததும் அட்டை மாதிரி விறைத்தது. மோட்டார்காரருக்கு வயிறு எரிந்தது. அவர் வீட்டுக் கிணறும் அதே மண்ணில்தானே இருக்கிறது?

அப்புறம்தான் அந்தப் போக்கிரித்தனம் அவர் மண்டையில் உதித்தது. அதற்குப் பிறகு யார் வந்து கூப்பிட்டாலும் அவர் மறுப்பதில்லை.

"இறக்கணும், அவ்வளவுதானே? இறக்கிட்டாப் போச்சு. நீங்க உள்ளே மெயின் சுவிட்ச்கிட்ட நில்லுங்க, யாரும் கை வெச்சுடப் போறாங்க" என்பார். வீட்டுக்காரர் உள்ளே பயபக்தியோடு காவல் காப்பார். வெளியே இவர் மோட்டாரைத் தூக்கி, இருக்கிற குழாயில் ரெண்டைக் கழற்றிவிட்டு, மறுபடி உள்ளே விடுவார். கிளம்பும்போது முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்வார். "இவ்வளவு ஆழத்துல மோட்டார் சட்டுனு சூடாகும். கொஞ்ச நேரம் ஓட்டுங்க, நல்லா ஆறவிட்டு மறுபடி ஓட்டுங்க." விட்டுவிட்டு உறிஞ்சினால் உப்பு மேலே வராது என்பது அவர் கணக்கு. குழாய்க்குக் காசு கேட்கமாட்டார், பழசு கிடந்தது என்று மழுப்பிவிடுவார். பொய் சொல்லலாம், திருடக் கூடாது என்பது அவர் கொள்கை.

வீட்டுக்கு வீடு கரிப்பு குறைந்தது. அடியாழத் தண்ணீரின் ருசியே தனி என்று தெருவே சப்புக்கொட்டியது. அதில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சப்புக்கொட்டியவர் சலவைக்கடைக்காரர், மோட்டார்காரர் மனைவியின் அண்ணன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "இந்தத் தெருவிலேயே என் மோட்டார்தான் ரொம்பக் கீழே கிடக்கு" என்று அளந்துகொண்டிருந்தார்.

கழற்றிய குழாய்களெல்லாம் கொல்லையில் குவிந்தன. "ஊருக்கெல்லாம் குழாய் சேர்க்கிறீங்க, நம்ம வீட்டுல ஏங்க குழாய் கூடுது?" என்று மனைவி கேட்டாள். அவர் சிரித்த சிரிப்பிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு, ஒரு தார்ப்பாயை எடுத்து மூடினாள்.

ஒரு விடுமுறை நாளில் மச்சான் சாப்பிட வந்தார். கை கழுவக் கொல்லைக்குப் போனவர் திரும்பவில்லை. மோட்டார்காரர் போய்ப் பார்த்தால், காற்றில் தார்ப்பாய் விலகிக் கிடக்கிறது. மச்சான் ஒரு குழாயைத் தடவிக்கொண்டு நிற்கிறார். அதில் நீலப் பெயிண்ட்.

"மாப்பிள்ளை, இது நான் அடிச்ச பெயிண்ட். அப்போ என்னோடதையும் ஏத்திட்டீங்களா?"

"உங்களோடதைத்தான் முதல்ல ஏத்தினேன் மச்சான்."

சொன்ன பிறகுதான் மோட்டார்காரருக்கு உறைத்தது. மச்சான் வெளியே ஒரு வார்த்தை விட்டால் போதும், அத்தனை மோட்டாரும் மறுபடி கீழே போகும். கிணறெல்லாம் கெடும். இவரையும் ஒருத்தரும் வாசலில் சேர்க்கமாட்டார்கள். மச்சான் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. இத்தனை நாள் அளந்ததெல்லாம் அவர் கண்முன் வந்து போயிருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து முன்வாசலில் பேக்கரிக்காரர் குரல் கேட்டது. "மோட்டார்காரர் இருக்காரா? பிசையற மாவெல்லாம் கரிக்குது, என் மோட்டாரை இறக்கணும்." தெருவிலேயே பெரிய மோட்டார் அவருடையதுதான். பேசிக்கொண்டே அவர் நேராகக் கொல்லைக்கு வந்துவிட்டார்.

மச்சான் சட்டென்று தார்ப்பாயை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"சரியான ஆள்கிட்டதான் வந்திருக்கீங்க" என்றார் பேக்கரிக்காரரிடம். "மாப்பிள்ளை, சாப்பாடு அப்புறம் ஆகட்டும், இப்பவே கிளம்புங்க. நானும் வர்றேன். இவரும் நானும் மெயின் சுவிட்ச்கிட்ட நிக்கிறோம்."