கிடுகு மூடிய ரோசாப் பாத்திகள்

களுவாஞ்சிக்குடிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள மணல் வளவில் சீதேவிப்பிள்ளையின் ரோசாக்கள் நான்கு பாத்திகளில் நின்றன. மொத்தம் இருபத்தெட்டுச் செடிகள். 2004 மார்கழியில் ஏறிய கடல் வீட்டை இடித்துவிட்டு வடிந்துபோனது. அதன் உப்பு மட்டும் மண்ணை விட்டுப் போகவில்லை. வெயில் உறைத்தால் செடியடியில் வெள்ளையாகப் படியும், இலையோரம் கருகும். மண்ணை மூடி ஏதேனும் படர்ந்தால் ஈரம் நிற்கும், உப்பு மேலேறாது என்று விவசாயப் போதனாசிரியர் ஒருவர் சொல்லியிருந்தார்.

எதைப் படரவிடுவது என்பதில் மூன்று மாதம் தயங்கினாள். புல் ரோசாவின் உரத்தைத் தின்றுவிடும். வத்தாளைக் கொடியின் கிழங்கைக் கிண்டினால் ரோசாவின் வேர் அறும். வல்லாரை அடக்கமாகப் படரும், சம்பலுக்கும் ஆகும்.

அயல்வீட்டுப் புஸ்பம் வேலிக்கு அப்பால் நின்று சிரித்தாள். "ரோசாக்குக் கீழ பாயும் விரிக்கப் போறியாகா? பத்துமணிப் பூவ ஒடிச்சிப் போடு. அது தன்ர பாட்டுக்குக் கிடக்கும்."

"அதச் சோத்தோட தின்னேலுமாகா?" என்று கேட்டு, வல்லாரையையே முடிவு செய்தாள்.

2008 ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கணவன் யோகராசா செடிகளுக்கிடையே அரையடி ஆழம் கிண்டிச் சாணம் கலந்தான். அவள் வல்லாரையை நட்டு, தண்ணீர் ஊற்றி, வெயில் படாமல் தென்னோலைக் கிடுகால் மூடினாள். இளங்கன்றுகளுக்கு எவரும் செய்வதுதான். போர் ஓயாத அந்த நாளில் அது வேறொருவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதை இருவரும் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, புதைத்த ஆயுதம் தேடிச் சுற்றிவளைப்பு. வளவுக்குள் வந்த படையினர் வீட்டை ஏறிட்டும் பார்க்கவில்லை. புதிதாகக் கிண்டிய மண், அதன்மேல் கிடுகு. யோகராசாவை வேலியோரம் முழந்தாளில் இருத்தினார்கள்.

"இது என்ன மூடி வெச்சது?" அதிகாரிக்குத் தமிழ் தடுமாறி வந்தது.

"வல்லாரை, சேர். ரோசாக்கு உப்பு ஏறாம இருக்க" என்றாள் சீதேவிப்பிள்ளை.

"ரோசாவுக்கு வல்லாரை?"

அவர் வாயிலிருந்து கேட்டபோது அவளுக்கே அது பொய்யைப் போல இருந்தது.

ஒருவன் இரும்புக் கம்பியால் மண்ணைக் குத்திக்கொண்டே வந்தான். மூன்றாம் பாத்தியில் கம்பி எதிலோ தட்டி நின்றது. எல்லோரும் பின்வாங்கினார்கள். யோகராசாவை எழுப்பி, வீதியில் நின்ற ட்ரக்கை நோக்கி நடத்தினார்கள். அந்த வழியில் போன எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

"அது எங்கட பழைய குசினிச் சுவர், சேர். கடல் இடிச்சது. நானே கிண்டிக் காட்டுறன். அவர ஏத்தாதீங்க."

அனுமதிக்குக் காத்திராமல் குந்தி, இரு கைகளையும் மண்ணுக்குள் விட்டாள். ரோசா முள் முழங்கைவரை கீறியது. வேர்கள் அறுவது விரல்களில் தெரிந்தது, நிறுத்தவில்லை. கடைசியில் நீலச் சுண்ணாம்பு ஒட்டிய கல்லொன்றை இழுத்தெடுத்து அதிகாரியின் காலடியில் வைத்தாள். அவர் அதைச் சப்பாத்துக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு, மற்றப் பாத்திகளையும் கிண்டச் சொன்னார். கிண்டினாள். பத்தரை மணிக்கு யோகராசாவை விட்டுவிட்டுப் போனார்கள்.

ஒன்பது செடிகள் வேரறுந்து கிடந்தன. வல்லாரை வாடிச் சுருண்டிருந்தது.

"மறுகா வல்லாரை வெப்பமா, புள்ள?" யோகராசா முழந்தாளில் ஒட்டிய மணலைத் தட்டினான்.

"வேணாம். இனிக் கிண்டவும் வேணாம், மூடவும் வேணாம்."

வேலியருகே போய்க் கை நீட்டினாள். புஸ்பம் இம்முறை சிரிக்கவில்லை. இரண்டு கை நிறையப் பத்துமணிப் பூத்தண்டுகளை ஒடித்துக் கொடுத்தாள். யோகராசா மண்ணை மட்டமாக்கித் தண்ணீர் தெளித்து இறுக்கினான். சீதேவிப்பிள்ளை தண்டுகளை மேலாகப் பரப்பி, உள்ளங்கையால் மட்டும் அழுத்தினாள். பிறகு வீதிக்குப் போய் நின்று, வெளியிலிருந்து வருபவர்களின் கண்ணுக்கு அந்த மண் எப்படித் தெரிகிறது என்று பார்த்தாள்.